வெண்டை வேரெல்லாம் முடிச்சு, சாமந்தி வைத்தும் குறையவில்லை

கொல்லைக்காரி (ஈரோடு):
எங்கள் கொல்லையில் இருப்பது பத்துக்கு எட்டு அடியில் ஒரே ஒரு பாத்தி. மணல் கலந்த செம்மண். முதலில் தக்காளி, போன வருடம் கத்தரி, இப்போது வெண்டை. 30 நாள் வரை நன்றாகத்தான் வந்தது. அப்புறம் பதினோரு மணி வெயிலுக்கே இலை தொங்கிவிடுகிறது, சாயங்காலம் நிமிர்கிறது. பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி கலந்து இரண்டு முறை தெளித்தேன், மீன் அமிலமும் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. நேற்று ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க இஞ்சிக் கிழங்கு மாதிரி வீக்கம். பயறு வேரில் சத்து சேர்க்குமே, அதுபோல நல்ல முடிச்சுதான் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கு நம்பிக்கை இல்லை. மண்ணில் இருந்துகொண்டு வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவைக் கட்டுப்படுத்த சாமந்தி நல்லது என்று படித்து நாலு மூலையிலும் வைத்திருக்கிறேன். அது மட்டும் ஜோராகப் பூக்கிறது.

மண்வெட்டி:
வெண்டைக்கு ஏது பயறு முடிச்சு! அது வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தட்டினால் உதிரும், கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். உங்களுடையதில் வேரே வீங்கியிருக்கிறது, பிய்த்தால் வேரோடுதான் வரும். வேர்முடிச்சு நூற்புழு. தக்காளி, கத்தரி, வெண்டை என்று மூன்று போகம் அதற்கு விருந்து வைத்திருக்கிறீர்கள்.

தோட்டத்து வாத்தியார் (ஒட்டன்சத்திரம்):
அம்மா, ஒரு சந்தேகம். நீங்கள் வைத்தது மாலை கட்டும் செவ்வந்தியா, செண்டுமல்லியா?

கொல்லைக்காரி:
செவ்வந்திதான். சாமந்தி என்றால் அதுதானே?

தோட்டத்து வாத்தியார்:
அங்கேதான் கோளாறு. நம் பக்கம் இரண்டையும் சாமந்தி என்கிறோம். நூற்புழுவுக்கு ஆவது செண்டுமல்லி, அதாவது துலுக்க சாமந்தி. அதன் வேரில் இருக்கும் ஆல்ஃபா டெர்தினைல் என்ற பொருள்தான் வேலை செய்கிறது. ஆனால் செண்டுமல்லியையே நாலு மூலையில் வைத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. அதன் வேர் எங்கே ஓடுகிறதோ அங்கேதான் பலன். நானும் மிளகாய்க்கு நடுவே பத்தடிக்கு ஒன்று நட்டுவிட்டு ஒரு வருடம் ஏமாந்தவன். பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது இருக்கும் வெண்டையை விட்டுவிடுங்கள். வேர் அறுபடாமல் தோண்டி எடுத்து, காயவைத்து எரியுங்கள். உரக்குழியில் மட்டும் போடாதீர்கள். பிறகு பாத்தி முழுக்க முக்கால் அடிக்கு ஒன்றாகச் செண்டுமல்லி, வேறு எதுவும் வேண்டாம். இரண்டரை, மூன்று மாதம் நிற்கட்டும். களை முளைத்தால் உடனே பிடுங்குங்கள், நூற்புழு அதிலும் குடியிருக்கும். பூவைப் பறித்துக்கொண்டு, செடியை நறுக்கி அங்கேயே மண்ணுக்குள் மடக்கிவிடுங்கள். வேப்பம்புண்ணாக்கு அதற்குப் பிறகு. சதுர அடிக்கு ஒரு கைப்பிடி தூவி மண்ணோடு கிளறி, ஈரம் காயாமல் இரண்டு மூன்று வாரம் விட்டு நாற்று நடுங்கள். வியாதி வந்த செடியின் தூரில் புண்ணாக்கைக் கொட்டினால் வீங்கிய வேர் பழையபடி ஆகாது. பஞ்சகவ்யத்தைக் குறை சொல்லவில்லை, நானும் தெளிக்கிறேன், ஆனால் அது நூற்புழு மருந்து இல்லை.

இதெல்லாம் செய்தாலும் அடியோடு ஒழியாது. எண்ணிக்கை குறையும், ஒரு போகம் எடுக்கலாம்.

மண்வெட்டி:
மூன்று மாதம் பூவுக்கு விட மனசில்லை என்றால் சணப்பு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கிவிடலாம். சித்திரை வெயிலில் பாத்தியை நனைத்து, கண்ணாடி மாதிரித் தெரியும் பாலித்தீன் தாளை ஓரம் காற்றுப் புகாமல் போர்த்தி ஆறு வாரம் விட்டாலும் மேல்மண்ணில் நன்றாகக் குறையும். கறுப்புத் தாளில் அந்த அளவு சூடு ஏறாது.

கொல்லைக்காரி:
செண்டுமல்லியே போடுகிறேன், இரண்டு பேருக்கும் நன்றி. செவ்வந்தியைப் பிடுங்கலாமா என்று கேட்டதற்கு மாமியார் முறைத்தார். சாமிக்குப் பூவாம். இன்னொன்று: இந்தப் பாத்தி மண்ணைத்தான் போன மாதம் மாடியில் ஆறு பைகளுக்கு நிரப்பினேன். தக்காளி நாற்று நட்டிருக்கிறேன்.

தோட்டத்து வாத்தியார்:
ஐயோ. இன்றைக்கே ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள்.