எதிரே எழும்பிய சொகுசு அடுக்ககத்தில் எத்தனை வீடுகள் விற்காமல் கிடக்கின்றன? எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி – தாழ்வாரம்

வணக்கம். எங்கள் பழைய நான்கு மாடிக் குடியிருப்புக்கு நேர் எதிரே 32 மாடியில் ஒரு சொகுசு அடுக்ககம் கட்டி முடித்துத் திறப்பு விழாவும் நடத்திவிட்டார்கள். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், மொட்டை மாடியில் தோட்டம் என்று ஒரு குறையும் இல்லை. ஆள் நடமாட்டம்தான் இல்லை. இரவு எட்டு மணிக்கு எங்கள் தாழ்வாரத்தில் நின்று பார்த்தால் முக்கால்வாசி ஜன்னல்கள் இருட்டாகவே இருக்கின்றன.

இதை வைத்து எங்கள் குடியிருப்பில் ஆளுக்கொரு கதை. கீழ்வீட்டுப் பெரியவர், பாதிக்கு மேல் விற்கவே இல்லை, கட்டியவர் கடனில் தத்தளிக்கிறார் என்று அடித்துச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவோ, எல்லாம் விற்றுவிட்டது, வாங்கியவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்கிறார். ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கைமாற்றி நாள் வாடகைக்கு விடப்போகிறார்கள் என்று அங்குள்ள காவலாளி சொன்னதாக மேல்வீட்டுத் தம்பி சொல்கிறார்.

எனக்கு இது வெறும் திண்ணைப் பேச்சு இல்லை. என் தங்கை அங்கே வீடு வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறாள். விற்பனை அலுவலகத்தில் கேட்டால், "90 சதவீதம் முடிந்துவிட்டது, 14ஆவது மாடியில் ஒன்று இருக்கிறது, உடனே முடிவு செய்யுங்கள்" என்கிறார்கள். விலையில் ஒரு காசு குறைக்க மறுக்கிறார்கள். அதற்குப் பதிலாக இரண்டாவது கார் நிறுத்துமிடம், சமையலறை அலமாரி வேலை, இரண்டு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் எல்லாம் இலவசமாம். 90 சதவீதம் விற்றுத் தீர்ந்த இடத்தில் இவ்வளவு தாராளம் எதற்கு? உண்மை நிலவரத்தை வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? அவளுடைய மொத்தச் சேமிப்பும் இதில்தான் போகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – மூன்றாம் தளம்

நானும் இப்படி ஒரு புதுக் கட்டடத்தில் ஆரம்பத்திலேயே குடிவந்தவன். விளக்கை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் புழங்கும் அறை பின்பக்கம் இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் எங்கள் வீடு என்றைக்கும் இருட்டுத்தான். தடித்த திரைச்சீலை போட்டவர்கள் வீடும் அப்படித்தான் தெரியும். மாறாக, விற்பனைக்குக் காட்டும் மாதிரி வீட்டில் தினமும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்து ஒரே நேரத்தில் அணையும். அது தானியங்கி விசையின் வேலை.

ஜன்னல் சட்டத்தில் தொழிற்சாலையில் ஒட்டிய நீல நிறப் பாதுகாப்புத் தாள் இன்னும் உரிக்கப்படாமல் இருக்கிறதா, பால்கனியில் துணிக்கொடி, செடித் தொட்டி எதுவும் உண்டா என்று பகலில் பாருங்கள். உள்ளே போக முடிந்தால் வாசலில் மிதியடி கிடக்கிறதா, தபால் பெட்டியில் பெயர் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஆனால் இவையெல்லாம் குடியிருக்கிறார்களா என்பதைத்தான் காட்டும். விற்றதா, விற்கவில்லையா என்பது வேறு சங்கதி.

பதில் – கட்டடப் பராமரிப்பாளர்

கட்டடங்களை ஒப்படைத்த பிறகு அவற்றைப் பராமரிக்கும் வேலையில் என் உழைப்புக் காலம் முழுவதும் போயிருக்கிறது. இந்தக் கேள்வியைப் பல குடும்பங்கள் வாங்கிய பிறகு என்னிடம் கேட்டிருக்கின்றன. நீங்கள் முன்னாலேயே கேட்கிறீர்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் அக்கம்பக்கத்தார் சொல்லும் மூன்றும் ஒரே கட்டடத்தில் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். சில வீடுகள் விற்காமல் கட்டியவர் பெயரிலேயே நிற்கும். சில, விற்றும் பூட்டிக் கிடக்கும். முதலீட்டுக்காக வாங்கியவர் குடிவரவும் மாட்டார், வாடகைக்கு விடவும் மாட்டார். இன்னும் சில, முன்பணத்தோடு நின்றுபோய்ப் பத்திரப் பதிவு ஆகாமல் தொங்கும். 90 சதவீதம் என்கிறார்களே, அதில் பதிவு முடிந்தவை எத்தனை என்று கேளுங்கள். எதில் 90 சதவீதம் என்றும் கேளுங்கள். வீடுகளை எல்லாம் ஒரே நாளில் சந்தைக்குக் கொண்டுவருவது இந்தத் தொழிலில் வழக்கமில்லை. 200 வீடுகளில் முதலில் 100ஐ வெளியிட்டு, அதில் 90 போனதும் "90 சதவீதம் விற்றுவிட்டது" என்று பலகை வைத்துவிட முடியும். மீதி 100 எந்த விலைப் பட்டியலிலும் இருக்காது. கேட்டால், அந்த மாடிகளை இன்னும் திறக்கவில்லை என்பார்கள்.

விலையைக் குறைக்காமல் இலவசங்களை அள்ளிக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வீட்டைக் குறைந்த விலைக்குப் பதிவு செய்தால் அந்தத் தொகை பதிவேட்டில் ஏறிவிடும். அடுத்த வீட்டுக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் மதிப்பீட்டாளர் அதைத்தான் பார்ப்பார். முன்பே முழு விலை கொடுத்தவர்கள் அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள். கட்டுமானக் கடன் கொடுத்த வங்கியும், இன்ன தொகைக்குக் கீழே விற்றால் அடமானத்திலிருந்து அந்த வீட்டை விடுவிக்க மாட்டோம் என்று நிபந்தனை வைத்திருக்கக்கூடும். ஆகவே பதிவேட்டில் விலை நிமிர்ந்து நிற்கும், தள்ளுபடி கார் நிறுத்துமிடமாகவும் அலமாரியாகவும் வரும். உங்கள் தங்கை அந்த இலவசங்களின் மதிப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உண்மையான விலை தெரியும். நாளை அவள் விற்கும்போது கிடைக்கக்கூடியதும் அதை ஒட்டித்தான் இருக்கும்.

இப்போது நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். எத்தனை வீடு விற்கவில்லை என்பதைவிட, விற்காத வீடுகளுக்குரிய பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்பதே அவளைப் பாதிக்கும். லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், தீயணைப்புப் பம்பு, ஜெனரேட்டர், நீச்சல் குளத்துக்கு மருந்து, மூன்று வேளைக் காவல் ஆகியவற்றின் செலவு, 40 குடும்பம் இருந்தாலும் 200 குடும்பம் இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றேதான். 32 மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு ஆள் குறைவு என்பதற்காகச் சும்மா இருப்பதில்லை. விற்காத வீடுகளின் பங்கைக் கட்டியவர் ஒழுங்காகக் கட்டினால் கவலை இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் எங்காவது ஒரு மூலையில், விற்காத வீடுகளுக்குக் கட்டணம் இல்லை என்றோ, பாதிதான் என்றோ ஒரு வரி இருக்கலாம். அந்த ஒரு வரிக்காக முழு ஒப்பந்தத்தையும் படிக்கலாம்.

இரண்டு ஆண்டு இலவசம் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் உண்மைச் செலவு குடியிருப்போர் கண்ணிலேயே படாது. கட்டியவர் கை விலகிய மாதம் முதல் முழுச் சுமையும் இருப்பவர்கள் தலையில் இறங்கும். கட்டணம் ஒரேயடியாக ஏறி, ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் கணக்குப் புத்தகத்தோடு என் மேசைக்கு முன் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்ததில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

குடியிருப்போர் சங்கத்தில் ஓட்டு விவகாரமும் உண்டு. வீட்டுக்கு ஓர் ஓட்டு என்ற முறையில் பாதிக்கு மேல் வீடுகள் கட்டியவரிடமே இருந்தால் சங்கமும் அவர் கையில்தான். சுவரில் விரிசல், அடித்தளத்தில் நீர்க்கசிவு என்று அவர்மீதே புகார் கொடுக்க வேண்டிய கூட்டத்தில் அவருடைய ஓட்டே பெரும்பான்மையாக இருக்கும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது மூக்கையும் பயன்படுத்துங்கள். குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துளைக்குக் கீழே வளைந்த ஒரு பகுதி இருக்கும். அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கிறது. யாரும் புழங்காத வீட்டில் சில வாரங்களில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். பிறகு அந்த நாற்றம் வீடு முழுக்கப் பரவி, கதவிடுக்கு வழியாக நடைபாதைக்கும் வரும். நல்ல நிர்வாகம் காலி வீடுகளில் வாரந்தோறும் குழாயைத் திறந்துவிட ஆள் வைத்திருக்கும். மாடிதோறும் நடைபாதையில் நடந்து பாருங்கள். வாடை அடித்தால், அந்த மாடியில் பூட்டிய வீடுகள் இருக்கின்றன, அவற்றைக் கவனிக்க ஆள் இல்லை என்று சந்தேகப்படலாம்.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்தியா என்றால், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 11ஆவது பிரிவின்படி, எத்தனை வீடுகள் முன்பதிவாகியுள்ளன என்ற விவரத்தைக் கட்டுநர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆணையத்தின் இணையதளத்தில் வெளியிட வேண்டும். சிங்கப்பூரில் நகர மறுசீரமைப்பு ஆணையம் கட்டுமான நிறுவனங்களின் விற்பனை விவரங்களை மாதந்தோறும் வெளியிடுகிறது. நியூயார்க் நகரில் ஏக்ரிஸ் என்ற இணையப் பதிவேட்டில் எந்த வீடு யார் பெயருக்கு மாறியது என்று யாரும் பார்க்கலாம். வேறு இடமாக இருந்தாலும் பத்திரப் பதிவு அலுவலகத்தில் விசாரியுங்கள். காவலாளி சொன்னதைவிட அது உறுதியான தகவல்.

பதில் – வெண்ணிலவு

மேலே எழுதியவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனாலும் படிப்பவருக்குப் பயம்தான் மிஞ்சும் என்று தோன்றுகிறது. விற்காத வீடு வாங்குபவருக்கு ஒரு பலம் என்பதையும் சொல்ல வேண்டும். விற்பவருக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் நிலம் வாங்கிய கட்டுமான நிறுவனம் குறித்த கெடுவுக்குள் எல்லா வீடுகளையும் விற்றாக வேண்டும், தவறினால் பெரும் முத்திரை வரி கட்ட வேண்டும். இந்தியாவில் நிறைவுச் சான்றிதழ் பெற்ற நிதியாண்டு முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, கட்டுநரிடம் விற்காமல் இருக்கும் வீட்டுக்கு வாடகை வந்ததாகவே கருதி வருமான வரி போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கடன் வட்டி. பொறுமையாகப் பேசினால் இறங்கி வருவார்கள்.

அதேபோல், இருண்ட கட்டடம் என்றால் திவால்தான் என்று முடிவு கட்ட வேண்டாம். ஸ்பெயினில் 2008 நெருக்கடிக்குப் பிறகு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட புது வீடுகள் விற்காமல் கிடந்தன. வங்கிகளிடம் தேங்கிய சொத்துகளை வாங்கி விற்பதற்காகவே 2012இல் சரேப் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அப்படிப்பட்ட நாடு தழுவிய தேக்கம் வேறு, ஒரே ஒரு கட்டடம் மெதுவாக விற்பது வேறு. முப்பது மாடி நிரம்பச் சில ஆண்டுகள் ஆவது இயல்புதான்.

பதில் – கட்டடப் பராமரிப்பாளர்

வெண்ணிலவு சொல்வதை ஏற்கிறேன், ஒன்றைத் தவிர. பேரம் பேசுபவருக்கு அது பலம். பேசி முடித்து உள்ளே போன மறுநாள் அவரும் அந்தக் கட்டடத்தின் பங்குதாரர். மற்ற வீடுகள் மெதுவாக விற்பது அன்றிலிருந்து அவருக்கும் சுமை. வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சுமையையும் விலையில் கழித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

தாழ்வாரம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கையும் நானும் பதிவு விவரங்களை எடுத்துப் பார்த்தோம். மொத்தம் 180 வீடுகள். அவற்றில் 74 இன்னும் கட்டிய நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கின்றன. 17ஆவது மாடிக்கு மேலே ஒன்றுகூடக் கைமாறவில்லை. கீழ்வீட்டுப் பெரியவர் சொன்னது அளவில் சற்று மிகை, திசையில் சரி. பக்கத்து வீட்டு அம்மா சொன்னதுபோல் வெளிநாட்டு முகவரியில் பதிவானவையும் கணிசமாக இருக்கின்றன. மொத்தமாகக் கைமாற்றியதற்குப் பதிவேட்டில் ஓர் அடையாளமும் இல்லை.

ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கினோம். நீங்கள் சொன்ன அந்த வரி இருக்கிறது. விற்காத வீடுகளுக்குக் கட்டிய நிறுவனம் மூன்றில் ஒரு பங்கு கட்டணம் மட்டுமே செலுத்துமாம், அதுவும் காலவரையறை எதுவும் இல்லாமல். தங்கை அதைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசவே இல்லை. அவளுக்கு அந்த வீடு மிகவும் பிடித்திருக்கிறது. இலவசங்கள் வேண்டாம், அவற்றின் மதிப்பை விலையில் குறையுங்கள், அந்த வரியையும் மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். விலையைப் பற்றிப் பேசலாம் என்கிறார்கள். அந்த வரியை மட்டும் மாற்ற முடியாது, வேண்டுமானால் அவளுடைய கட்டணம் ஐந்து ஆண்டுகளுக்கு உயராது என்று தனிக் கடிதம் தருகிறோம் என்கிறார்கள். கடிதம் போதுமா?

பதில் – கட்டடப் பராமரிப்பாளர்

போதாது. அந்தக் கடிதம் நிறுவனத்துக்கும் உங்கள் தங்கைக்கும் இடையில் உள்ள வாக்குறுதி. நிர்வாகம் குடியிருப்போர் சங்கத்துக்கு மாறிய பிறகு கட்டணத்தை முடிவு செய்வது சங்கம். அதை அந்தக் கடிதம் கட்டுப்படுத்தாது. மீதி 74 வீடுகளையும் வேறொரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டால் கடிதம் கொடுத்தவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். விற்பனைப் பத்திரத்திலேயே, கட்டணம் உயர்ந்தால் வித்தியாசத்தை விற்பவர் ஏற்பார் என்ற நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குரிய தொகையை ஒரு வைப்பு நிதியாக வங்கியில் போட்டு வைக்கவும் கேட்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன், 14ஆவது மாடி வீட்டைக் கட்டுமானக் கடன் அடமானத்திலிருந்து விடுவிப்பதாக வங்கி எழுதிய கடிதத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். இவற்றுக்கு அவர்கள் ஒப்பவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். 74 வீடுகள் இருக்கின்றன, அடுத்த ஆண்டும் கிடைக்கும். உங்கள் ஊரில் சொத்து வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் பத்திர வரைவைக் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.