த்ரெட்சேஃப் கியூ இருந்தும் சிக்கல் வந்த இடங்கள் – உங்கள் அனுபவம் என்ன? (கியூ என்பது வேலைகள் முறைக்குக் காத்திருக்கும் வரிசை. த்ரெட் என்பது ஒரே புரோகிராமுக்குள் மற்றவற்றோடு சமகாலத்தில் ஓடும் ஒரு வேலையாள். பல த்ரெட்கள் ஒன்றாகத் தொட்டாலும் குழம்பாததுதான் த்ரெட்சேஃப்.)

கொக்குவிலான்:
நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கொழும்பு–யாழ்ப்பாணம் இரவு பஸ்ஸில் சீட் எடுப்பது லேசில்லை. அப்படியொரு நேரத்தில் ஒரு பஸ்காரரின் முற்பதிவு சிஸ்டத்தைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சீட் பதிந்ததும் பயணிக்குக் குறுஞ்செய்தி போகவேண்டும். பகலில் ஒரு குறையும் இல்லை. பின்னேரம் கூட்டம் கூடினால் சேர்வர் மூச்சு வாங்கத் தொடங்கி, கடைசியில் மெமரி இல்லை என்று விழுந்துவிடும்.

கோட் ஜாவா. எழுதியவர் விஷயம் தெரிந்தவர், லொக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு) எல்லாம் ஒழுங்கு. ஹீப் டம்ப் (மெமரியில் இருப்பதன் நகல்) எடுத்துத் திறந்தால் முழுக்கக் கியூவின் நோட்கள் (கண்ணிகள்) தான், ஒவ்வொன்றிலும் அனுப்பாத ஒரு குறுஞ்செய்தி! குறித்த எண்ணிக்கையில் த்ரெட்களை வைத்து வேலை வாங்க நியூ ஃபிக்ஸட் த்ரெட் பூல் என்று கூப்பிட்டால் அது உள்ளுக்குள் எல்லை குறிக்காத லிங்க்ட் பிளொக்கிங் கியூவைத்தான் எடுக்கும். அதன் கொள்ளளவு 2147483647. அது நிரம்பும் முன்னர் மெமரி முடிந்துவிடும். பதிவுகள் மளமளவென்று வருகின்றன, குறுஞ்செய்தி கேட்வே (செய்திகளை வாங்கி அனுப்பும் சேவை) ஆறுதலாகத்தான் எடுக்கிறது, நடுவில் கியூ ஊதிக்கொண்டே போகிறது.

த்ரெட் பூலை நேரடியாகக் கட்டி, 500 இடமுள்ள அரே பிளொக்கிங் கியூவைக் கொடுத்தேன். நிரம்பினால் கோலர் ரன்ஸ் பொலிசி. அதாவது, வேலையைக் கொண்டுவந்த த்ரெட்டே அதை அனுப்பவேண்டும், அனுப்பி முடியுமட்டும் அது புதுப் பதிவு எடுக்காது. பக்கம் கொஞ்சம் மந்தமாகும், விழாது. முதலாளிக்கு அந்த மந்தம் இன்றைக்கும் பிடிக்கவில்லை.

சுன்னாகத்தான்:
மெமரி நிரம்புவது இருக்கட்டும், கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது யுபிஎஸ் பற்றரி இறங்கியதும் மெமரியில் மட்டுமே இருந்த கியூவின் ஓடர்கள் எல்லாம் போய்விட்டன. த்ரெட்சேஃப் என்பது த்ரெட்களிடமிருந்து காப்பாற்றும், மின்வெட்டிலிருந்து அல்ல. இப்போது முதலில் தரவுத்தளத்தில் ஒரு வரி, பிறகுதான் கியூ. வேலை முடிந்ததும் வரியில் ஒரு குறி. மெசின் திரும்ப எழும்பும்போது குறி இல்லாதவற்றைப் பொறுக்கிக் கியூவில் போடும். வேலை முடிந்து குறி விழுவதற்குள் கரண்ட் போனால் ஒரே ஓடர் இரண்டு தடவை நடக்கும். அதற்காக ஓடர் இலக்கத்தைப் பார்த்து இரண்டாவதைத் தள்ளிவிடுகிறோம்.

திருநெல்வேலி ரீச்சர்:
நான் பைதன் படிப்பிக்கிறேன். பிள்ளைகளின் கோடில் அடிக்கடி காண்பது இது: கியூ வெறுமையா என்று எம்ப்டி மெதட்டிடம் கேட்பார்கள், இல்லை என்றால் கெட் (ஒன்றை எடுக்கும் மெதட், ஒன்றும் இல்லாவிட்டால் வரும்வரை காத்திருக்கும்) போடுவார்கள். இரண்டும் தனித்தனியே பாதுகாப்பானவை. இடையில் இருக்கும் அந்தக் கணத்துக்குத்தான் காவல் இல்லை.

ஒரு பிள்ளையின் புரோகிராம் படங்களைச் சிறிதாக்கும். எல்லாப் படமும் முடிந்திருக்கும், புரோகிராம் மட்டும் முடியாமல் நிற்கும். கொம்பியூட்டர் பழசு என்று நினைத்துக்கொண்டிருந்தான். நடந்தது என்னவென்றால், கடைசிப் படம் இருக்கும்போது இரண்டு த்ரெட்டும் 'வெறுமை இல்லை' என்ற பதிலைப் பெற்றுவிட்டன. ஒன்று படத்தை எடுத்துக்கொண்டது. மற்றது கெட்டில் காத்துக்கொண்டே இருக்கிறது.

எல்லாவற்றையும் முதலிலேயே போட்டுவிட்டால், கேட்காமல் கெட் நோவெயிட் (காத்திராமல் எடுப்பது) போட்டு, எம்ப்டி எக்ஸெப்ஷன் (வெறுமை என்ற பிழை) வந்தால் நிறுத்தலாம். போடுபவர் இன்னும் போட்டுக்கொண்டிருந்தால் அது சரிவராது, த்ரெட் நேரத்துக்கு முன்னரே கிளம்பிவிடும். அப்போது முடிவில் ஒரு த்ரெட்டுக்கு ஒரு நன் (None, 'இனி வேலை இல்லை' என்பதற்கான அடையாளம்) வீதம் போடவேண்டும். மூன்று த்ரெட்டுக்கு ஒரேயொரு நன் போட்டால் ஒருவர்தான் வீட்டுக்குப் போவார், மற்ற இருவரும் அங்கேயே! பைதன் 3.13 இல் கியூவை மூட ஷட்டவுன் மெதட்டே வந்துவிட்டது, அது இருந்தால் இந்த வில்லங்கம் இல்லை.

மானிப்பாய்ப் பெடியன்:
எங்கள் இடத்தில் வேறு கூத்து. ஒரு டிக்ஷனரியை (தலைப்பும் மதிப்புமாகத் தரவை வைக்கும் பொருள்) உருவாக்கி, பெயரையும் தொகையையும் நிரப்பிக் கியூவில் போட்டு, அதே டிக்ஷனரியில் அடுத்தவரின் பெயரையும் தொகையையும் மாற்றி எழுதி மறுபடி போட்டிருந்தார்கள். பருத்தித்துறைக்காரருக்குப் பில்லே போகவில்லை, அடுத்தவரான சாவகச்சேரிக்காரருக்கு அவருடைய பில் இரண்டு தரம் போனது. கியூவில் பிழையில்லை, உள்ளே இருந்தது ஒரே பொருள். லூப்புக்குள் ஒவ்வொரு முறையும் புது டிக்ஷனரி உருவாக்கியதும் தீர்ந்தது.

கொக்குவிலான்:
ஓம், ஜாவாவிலும் இதே கதைதான். ஜாவா 16 இலிருந்து ரெகோர்ட் (உருவாக்கியபின் புலங்களை மாற்றமுடியாத பொருள்) இருக்கிறது, கியூவில் அதைத்தான் போடுகிறேன். ஆனால் ரெகோர்டுக்குள் ஒரு லிஸ்ட் வைத்தால் அந்த லிஸ்டை யாரும் மாற்றலாம். உருவாக்கும்போதே லிஸ்ட் கொப்பி ஒஃப் (மாற்றமுடியாத நகல் எடுப்பது) போட்டுவிடுங்கோ.