பால் பல் சொத்தை: சேலத்துல யாரைப் பார்க்கலாம்?

அம்மாபேட்டைல இருக்கோம். பொண்ணுக்கு ரெண்டே முக்கால் வயசு. மேல் முன்பல் நாலும் சொத்தை. நாலு மாசம் முன்னாடி ஈறு ஓரமா சுண்ணாம்புக் கோடு மாதிரி இருந்துச்சு, பால் கறைன்னு விட்டுட்டேன். இப்போ பழுப்பாகி, ஒரு பல்லு ஓரம் உதிர்ந்திருக்கு. கீழ்ப்பல் பளிச்சுன்னு இருக்கு. அதை நாக்கு மூடிக்குமாம்.

ராத்திரி சர்க்கரை போட்ட பால் புட்டியோடவே தூங்குவா, அதான் காரணம்னாங்க. நிறுத்தி மூணு வாரம் ஆச்சு. ஃப்ளோரைடு பேஸ்ட் அரிசி அளவு வெச்சு ரெண்டு வேளையும் நானே தேய்க்கிறேன். மாமியார் கிராம்புத் தைலம் தடவினாங்க, எரிஞ்சு அழுததுதான் மிச்சம். "பால் பல்தானே, விழுந்துடும்"ங்கறாங்க. விழ ஆறேழு வயசாகுமே!

போன வாரம் காட்டின இடத்துல வாயே திறக்கலை. முழு மயக்கம் கொடுத்துதான் செய்யணும்னுட்டாங்க.

சேலத்துல மயக்க மருந்து இல்லாம இந்த வயசுப் பிள்ளைக்கு யாராவது சொத்தை அடைச்சிருக்கீங்களா, எந்த டாக்டர்கிட்ட?