'புயல் அலை' வேண்டாம், 'கடலேற்றம்' எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம்.

புயலின்போது கடல் மட்டம் உயர்வதைக் குறிக்கும் 'storm surge' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பெயர் தேடும் நம் உரையாடலில், 'புயல் அலை' வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். அலை சில விநாடிகளுக்கு ஒருமுறை வந்து போவது. நாம் பெயர் தேடுவதோ கடல் மட்டமே மணிக்கணக்கில் உயர்ந்து நிற்பதற்கு. அலைகள் அதன் மேல் ஏறித்தான் அடிக்கின்றன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை 'ராட்சத அலை' விழுங்கியது என்று இன்றும் எழுதுகிறோம். ஒற்றை அலை வந்து ஊரைச் சுருட்டிப் போனது போன்ற சித்திரம் அப்படித்தான் மனத்தில் தங்கிவிட்டது.

நீங்கள் பரிந்துரைத்தவற்றில் 'புயல் எழுச்சி' பரவாயில்லை. 'கடற்பொங்கல்' காதுக்கு இனிமை, ஆனால் தை மாதம் குறுக்கே வருகிறது. எனக்குள்ள சிக்கல் வேறு: கடல் மட்டம் எவ்வளவு மாறும் என்று கணிக்கும் கணினி மாதிரி (model) தரும் விடைக்குக் கழித்தல் குறியும் உண்டு. நம் கிழக்குக் கரையை நோக்கி வரும் புயலில் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்வதால், அது கரையைக் கடக்கும் இடத்துக்கு வடக்கே நீர் குவியும். தெற்கே நீர் விலகும். 2017-இல் இர்மா புயலின்போது அமெரிக்காவின் டாம்பா விரிகுடாவில் தரை தெரியும்படி நீர் வற்றியது. அதை 'மைனஸ் ஒரு மீட்டர் எழுச்சி' என்றா எழுதுவது?

ஆகவே 'கடலேற்றம்', அதற்கு இணையாகக் 'கடலிறக்கம்'. முதலில் நான் எழுதிய 'புயலேற்றம்' துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதுபோல் ஒலிக்கிறது என்று இங்கே ஐயா ஒருவர் சுட்டியது சரி, திரும்பப் பெறுகிறேன். 'நீரேற்றம்' என்றால் மோட்டார் ஓடத் தொடங்கிவிடும். 'கடல் உள்வாங்கியது' அழகான வழக்குதான். ஆனால் நீர் எவ்வளவு தூரம் விலகியது என்பதையே அது சொல்கிறது, மட்டம் எவ்வளவு இறங்கியது என்பதை அன்று.

'புயலோதம்' என்ற பரிந்துரையையும் கைவிட வேண்டாம். பாடநூல்களில் ஓதம் என்பது நிலவும் கதிரவனும் இழுப்பதால் வருவது. கடலேற்றத்தோடு ஓதத்தைக் கூட்டிக் கிடைக்கும் மொத்த மட்டத்துக்குப் 'புயலோதம்' என்பதை வைத்துக்கொள்ளலாம். தமிழகக் கரையில் ஓத வீச்சு (ஓதம் ஏறிய மட்டத்துக்கும் இறங்கிய மட்டத்துக்கும் உள்ள வேறுபாடு) பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்குவதால் இரண்டையும் குழப்பியும் தப்பித்து வருகிறோம். மேற்கு வங்கத்தின் ஹூக்ளி ஆற்று முகத்துவாரத்தில் அது நான்கு மீட்டரைத் தாண்டும். புயல் எத்தனை மணிக்குக் கரை சேர்கிறது, அப்போது ஓதம் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பதே அங்கே பெரிய கேள்வி. 2018-இல் கஜா புயலுக்கு வானிலைத் துறை எச்சரித்ததும் ஓத மட்டத்துக்கு மேல் சுமார் ஒரு மீட்டர் என்றுதான்.

இனி கடலேற்றத்தின் உட்கூறுகள். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும்; இது 'அழுத்த ஏற்றம்'. பெரும்பங்கு காற்று நீரைத் தள்ளுவதால் வருகிறது. பாக் நீரிணை போன்ற ஆழமற்ற கடலில் அது இன்னும் கூடும். இதற்குக் 'காற்றேற்றம்' என்று எழுதிப் பார்த்தேன். சைக்கிள் டயர் நினைவுக்கு வருகிறது. உங்களுக்கு வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.