ஆன்டிவைரஸை நீக்கியும் டிரைவர் போகவில்லை, டிஃபெண்டர் ஆன் ஆகவில்லை

லேப்டாப்போடு வந்த ட்ரையல் ஆன்டிவைரஸை நீக்கிய பிறகும் அதன் டிரைவர் ஒன்று போகமாட்டேன் என்கிறது. விண்டோஸ் 11 ஹோம், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி.

ட்ரையல் முடிந்ததும் போன மாதம் செட்டிங்ஸில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் வழியாக எடுத்தேன், பாதியில் நின்றது. இப்போது பட்டியலில் பெயர் இல்லை. ஆனால் விண்டோஸ் செக்யூரிட்டி இன்னும் அதைத்தான் காட்டுகிறது, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஒதுங்கியே இருக்கிறது. அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் எஃப்எல்டிஎம்சி (fltmc, கோப்புகளை இடைமறித்துப் பார்க்கும் ஃபில்டர் டிரைவர்களைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்தால் அதன் ஃபில்டர் ஓடுவது தெரிகிறது.

நிறுவனத்தின் ரிமூவல் டூலை சேஃப் மோடில் ஓட்டினால் "ப்ராடக்ட் இல்லை" என்கிறது. மறுபடி இன்ஸ்டால் செய்யப் போனால் "ஏற்கெனவே இருக்கிறது" என்கிறது! எதை நம்புவது? டிரைவரின் சர்வீஸை நீக்க எஸ்சி டிலீட் (sc delete) கொடுத்தால் ஆக்சஸ் டினைடு. அதன் செல்ஃப் ப்ரொடெக்‌ஷன் இன்னும் அடங்கவில்லை போலிருக்கிறது. ரெஜிஸ்ட்ரி க்ளீனர் எதையும் நான் ஓட்டுவதாக இல்லை, அதைப் பரிந்துரைக்க வேண்டாம்.

ரெஜிஸ்ட்ரியில் டிஸ்க் கிளாஸின் அப்பர்ஃபில்டர்ஸிலும் (UpperFilters, டிஸ்க்கோடு சேர்ந்து ஏறவேண்டிய டிரைவர்களின் பட்டியல்) அதன் பெயர் இருக்கிறது. அதை விட்டுவிட்டு டிரைவர் கோப்பை மட்டும் அழித்தால் டிஸ்க் ஏறாமல் நீலத்திரையில் நிற்கும், அதனால் தொடவில்லை. முழு பேக்கப்பும் பிட்லாக்கர் ரிக்கவரி கீயும் கையில் உள்ளன.

அப்பர்ஃபில்டர்ஸில் அந்த ஒரு பெயரை மட்டும் முதலில் எடுத்துவிட்டு, பிறகு அந்த டிரைவரின் சர்வீஸின் ஸ்டார்ட் மதிப்பை 4 (அதாவது முடக்கம்) ஆக்கி ரீபூட் செய்வது, இந்த வரிசை சரிதானா?