உட்கலப்பா, ஒரே ரத்தமா? (வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்)

கோத்தகிரியிலிருந்து:
வணக்கம். நீலகிரிச் செம்மறி வளர்ப்பவர்களுக்காக, மரபணு ஆய்வு சொல்வதை நான்கு பக்கத் தாளாகத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆணாட்டுக்குக் 'கிடா' என்று போட்டுவிட்டேன். 'இன்பிரீடிங்' (நெருங்கிய உறவுள்ள ஆடுகளையே இணை சேர்ப்பது) என்ற இடத்தில் நிற்கிறேன். பாடநூல் வழக்கு 'உட்கலப்பு'. அதை ஒரு பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். "கலப்பா? நம்ம பட்டியில கலப்பே கிடையாது, எல்லாம் சுத்த ஜாதி" என்றார். கலப்பு என்றால் அவருக்கு ஜெர்சி மாடு. நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்! (கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் என்ற வெளிநாட்டு ஆடுகள் எல்லாம் கலந்து வந்ததுதான் நீலகிரி ஆடு. அதை அவரிடம் சொல்லவில்லை.)

குன்னூர்த் தமிழாசிரியர்:
'அகப்புணர்ச்சி' என்க. எழுத்தோடு எழுத்து சேர்வதையே புணர்ச்சி என்கிறோம், கூச்சம் எதற்கு? அப்புறம், 'கிடா' எதற்கு? ஆட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என்று நான்கு பெயர் தருகிறது தொல்காப்பியம், அதுவும் மரபியல் என்ற இயலில்! தகர்ப்பதால் தகர், உதைப்பதால் உதள் என்பது என் துணிபு. உகரம் முன்தள்ளலைக் குறிக்கும் என்பதும் என் எண்ணமே: உந்து, உதறு...

கொடைக்கானல், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
ஐயா, அப்பர் என்று அச்சடித்தால் தேவாரப் புத்தகம் என்று நினைப்பார்கள். 'உறவுச் சேர்க்கை' போதுமே.

ஊட்டியிலிருந்து:
அம்மா, அது வம்பு. கூட்டத்தில் ஒருவர் எழுந்து "நான் அக்கா மகளைத்தான் கட்டியிருக்கேன்" என்றால்? கணக்கும் அவரை விடாது. ஒரே மூதாதையின் அதே மரபணு தாய்வழியும் தந்தைவழியும் வந்து சேரும் வாய்ப்பு, தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் பிறக்கும் பிள்ளைக்கு 12.5 விழுக்காடு. ஒரு கிடாவுக்கு வேறு வேறு தாயிடம் பிறந்தவை சேர்ந்தாலும் அதே 12.5. தகப்பனும் மகளும் சேர்ந்தால் 25. பட்டியில் ஆட்டுக்காரர்கள் சொல்வது 'ஒரே ரத்தம்'. 'ஒரே ரத்தச் சேர்க்கை' என்று போடுங்கள்.

குன்னூர்:
ரத்தம் வடசொல். 'ஒருகுருதிச் சேர்க்கை'.

கொடைக்கானல்:
ரத்தமோ குருதியோ, மரபு அதில் ஓடவில்லை. ரத்தம் மாற்றி ஏற்றினாலும் குட்டி மாறாது. தப்பான பாடத்தை நாமே அச்சடிக்கலாமா? சொல்லை விடுங்கள், இதை எழுதுங்கள்: ஒரு கிடாவும் முப்பது பெட்டையும் உள்ள பட்டி, மரபுக் கணக்கில் ஏறக்குறைய நான்கே ஆடுதான். அந்த ஒரு கிடாதான் குட்டிகளின் மரபில் பாதி. இது புரிந்தால் பொலிகிடாவைத் தானே மாற்றுவார்கள்.

கோத்தகிரி:
அந்த நான்கு ஆட்டுக் கணக்கு முதல் பக்கத்திலேயே வருகிறது, நன்றி அம்மா. மூன்று பேர் தனி மடலிலும் 'ஒரே ரத்தம்' என்றதால் தலைப்பில் 'ஒரே ரத்தச் சேர்க்கை'. 'உட்கலப்பு' பள்ளிப் பிள்ளைகளுக்காக உள்ளே ஒரே ஒரு இடத்தில். ரத்தத்தில் மரபு இல்லை என்று கட்டம் கட்டி ஒரு வரி. "மகள்கள் பருவத்துக்கு வருமுன், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, கிடாவை அடுத்த ஊரோடு மாற்றிக்கொள்ளுங்கள்" என்று முடிக்கிறேன்.

கொடைக்கானல்:
அந்தக் கட்டம் பெரிதாக இருக்கட்டும். தலைப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

குன்னூர்:
குருதி என்று போட்டால் குடி முழுகிவிடுமா? சரி. கடைசிப் பக்கத்தில் இடம் மிஞ்சினால் உதளையாவது சேருங்கள்.