தம்பியின் வீடியோ பரவுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஆட்டோ ஓட்டும் என் தம்பி கட்டணத் தகராறில் பயணியிடம் கத்தியதை யாரோ 40 வினாடிக்கு வெட்டி, ‘திருடன்’ என்று தலைப்பிட்டுப் போட்டுவிட்டார்கள். வண்டி எண்ணும் தெரிகிறது. கத்தியது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் திருடவில்லையே!

காவல் நிலையத்தில் கேட்டால், அவதூறுக்கு நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, மாஜிஸ்திரேட்டிடம் போங்கள் என்கிறார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் (அவதூறு) நிலைமை அப்படித்தானாம். இணையத்தில் புண்படுத்தும் பதிவு போட்டால் தண்டிக்க தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த பழைய 66ஏ பிரிவையும் உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டது. வழக்கு முடிவதற்குள் இன்னும் எத்தனை பேர் பகிர்வார்களோ. ஸ்டாண்டில் இப்போதே அவனுக்குச் சவாரி இல்லை.

இப்படி மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகார் கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா? மதுரையில் செலவு எவ்வளவு ஆகும்? அப்புறம், வீடியோவை முதலில் நீக்க வைப்பது எப்படி? லிங்க் மட்டும் கேட்காதீர்கள், ப்ளீஸ்.